நாலு தட்டு

மரங்கொத்திதான் அந்தத் தோப்புக்கே டாக்டர். மரத்தை நாலு தட்டு தட்டுவார், காதை வைத்துக் கேட்பார், புழு ஒளிந்திருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துக் கொத்தித் தின்றுவிடுவார். அதுதான் அவருக்கு ஃபீஸ். கைராசிக்காரர் என்று மரங்களெல்லாம் சேர்ந்து அவரைத் தோப்புத் தலைவராக்கின.

மறுவாரமே வாகை மரம் கூப்பிட்டது. "டாக்டரய்யா, இடுப்புக்கு மேலே ஒரே குடைச்சல். காத்தடிச்சா விழுந்துடுவேன் போலிருக்கு."

மரங்கொத்தி பறந்து வந்து, பழைய பழக்கத்தில் நாலு தட்டு தட்டினார். சத்தம் கேட்டுக் காக்கா குருவியெல்லாம் கூடிவிட்டன. தனக்கா இவ்வளவு கூட்டம் என்று பூரித்துப்போனவர், தொண்டையைச் செருமிக்கொண்டு, புழு ஒழிப்பைப் பற்றி ஒரு மணி நேரம் விளாசினார்.

"ஐயா, தட்டினீங்க, காதை வைக்கலையே" என்றது வாகை. பறவைகள் சிறகடித்த ஆரவாரத்தில் அது அவர் காதில் விழவில்லை.

கூட்டம் கலைந்ததும், மரத்தின் ஓட்டையிலிருந்து கொழுத்த புழு ஒன்று தலையை நீட்டியது. "தலைவரே, பேச்சு பிரமாதம். ஒரு வார்த்தை விடாம கேட்டேன்."

மரங்கொத்திக்கு மனசு குளிர்ந்துவிட்டது. வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு புழுவைப் பார்த்து, அலகை மூடிக்கொண்டு, இரண்டு சிறகையும் கூப்பிக் கும்பிட்டார்.