குப்பை கேம்

"இதெல்லாம் ஒரு கேமா? குப்பைலா தம்பி. வாங்காத."

ஈப்போவில் வீடியோ கேம் கடை வைத்திருக்கும் அமீருல், தன் கடைச் சரக்கையே இப்படித் திட்டினார். கல்லாவில் இருந்த அவர் மனைவி ரஸ்னாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. விற்க உட்கார்ந்தவர் பேசுகிற பேச்சா இது?

எதிரே நின்ற பவித்ரனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். கொளுத்துகிற வெயிலிலும் கறுப்பு ஜாக்கெட். அந்தச் சூப்பர் ஹீரோ கேமுக்காகவே சுங்கை சிப்புட்டிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தான்.

"எல்லாரும் நல்லாருக்குன்னு சொல்றாங்களேண்ணே. ஊரு முழுக்கப் பறக்கலாமாம்."

"பறந்து என்னா செய்யப் போற? அவ்ளோ பெரிய ஊரு கட்டி வெச்சிருக்கான், உள்ள ஒண்ணுமே இல்ல. ரோட்டுல போறவனுக்கெல்லாம் ஒரே மூஞ்சி. கட்டடம் இடிஞ்சு விழுது, பக்கத்துல ஒருத்தி நின்னு போன் பேசிக்கிட்டு இருக்கா."

"சண்டை?"

"அஞ்சு பேரு வருவான், அடிப்ப. திரும்ப அதே அஞ்சு பேரு வருவான். கடைசி வில்லன் இருக்கான் பாரு, அடிக்க மாட்டான், லெக்சர் குடுப்பான். ஹீரோவுக்குத் தோள்தான் இருக்கு, மூளை இல்ல."

கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். பவித்ரன் முகம் சுருங்கிவிட்டது.

"மூணு மாசமா வேலைக்குப் போகலண்ணே. வீட்டுலயே அடைஞ்சு கிடக்கேன். கூட்டாளிங்க எல்லாம் இந்தக் கேமைத்தான் பேசுறானுங்க. நானும் ஆடினா அவனுங்களோட பேசிக்கிட்டு இருக்கலாம்னு பார்த்தேன்."

"பேசுறவன் பேசுவான். நீ இதை எடுத்துக்க." அமீருல் வேறொரு டப்பாவை எடுத்து வைத்தார். "படை நடத்துற கேம். நீ ஒரு அடி வெச்சா அவன் ஒரு அடி வைப்பான். அவசரமே இல்ல, டீ குடிச்சுக்கிட்டே ஊரைப் பிடிக்கலாம். பிடிக்கலேன்னா திருப்பிக் கொண்டா, வாங்கிக்கிறேன்."

பவித்ரன் அரை மனதோடு வாங்கிக்கொண்டு போனான். மற்ற இருவரும் கிளம்பியதும் ரஸ்னா பிடித்துக்கொண்டாள்.

"ஒரு வருஷமா தூசி பிடிச்சுக் கிடந்ததை அவன் தலையில கட்டிட்டீங்க. நல்ல வியாபாரம்லா. அவனுக்கும் வேணும். இடது கையால நோட்டை நீட்டுறான், மிச்சத்தையும் அதே கையால வாங்குறான். பெரிய ஹீரோன்னு நெனப்பு."

அமீருல் போனில் எதையோ அழித்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, என்ன அழிக்கிறீங்க?"

"நம்ம கடைப் பேஜ்ல நேத்து அந்த ஹீரோ கேமுக்குப் பத்துக்கு ஒம்பது மார்க் போட்டேன், அதை. பையன் வீட்டுக்குப் போயி பார்த்துட்டான்னா வம்பு."

"ஒம்பதா? குப்பைன்னு கிழிச்சீங்களே?"

"மூணு தடவை ஆடி முடிச்சிட்டேன். அருமையான கேம்."

"அப்ப வாய் கூசாம பொய்யா சொன்னீங்க?"

அமீருல் போனைக் கீழே வைத்தார்.

"கதவைத் தள்ளிக்கிட்டு உள்ள வரும்போது பார்த்தேன் ரஸ்னா. வலது கையில விரலே இல்ல, மெஷின்ல போயிருக்கும் போல. உடனே ஜாக்கெட் பைக்குள்ள விட்டுக்கிட்டான். அந்தக் கேமுக்கு ரெண்டு கையும் வேணும். நாலு பேரு முன்னாடி உன்னால முடியாதுன்னு அவனைச் சொல்றதுக்குப் பதிலா, கேமைச் சொல்லிட்டேன்."