சாஸ் வேணாம்

“ஒரு சிக்கன் ரைஸ் குடு. சாஸ் வேணாம். மிளகுத்தூள் வேணாம். கோஸ் வேணாம். வெள்ளையா ஒரு தூள் போடுவியே, அது வேணவே வேணாம்.”

ஷாலினி கரண்டியும் கையுமாக அப்படியே நின்றாள்.

“எல்லாத்தையும் எடுத்துட்டா இன்னாக்கா இருக்கும்? வெறுஞ்சோறும் கோழியும்தான் இருக்கும்.”

“அதத்தான் குடு,” என்றாள் கோயில் தெரு சரோஜா, மூக்கைச் சுளித்துக்கொண்டு.

வந்தது பாருங்கள் ஷாலினிக்குக் கோபம்! ஏரிக்கரையில், பசியாவரம் படகுத்துறையில் இந்தக் கடையைப் போட்டது அவள். ‘உங்கள் இஷ்டப்படி செய்து தரப்படும்’ என்று போர்டு எழுதி மாட்டியதும் அவள்தான். பொன்னேரியில் பாஸ்ட்ஃபுட் கடையில் வேலை பார்த்தபோது கற்றுக்கொண்ட வித்தை. அங்கே ஆளாளுக்கு ஒரு ருசி கேட்பார்கள். காரம் தூக்கலா போடு, முட்டை டபுளா ஊத்து, நூடுல்ஸை நல்லா மொறுமொறுன்னு பெரட்டு. இங்கேயோ வருகிறவர்கள் எல்லாரும் வேணாம், வேணாம், வேணாம்! ‘இதைப் போடு’ என்று ஒரு ஆத்மா கேட்டதில்லை.

புடிக்கலைன்னா எதுக்கு வரணும்? அதுதான் அவளுக்குப் புரியவே இல்லை.

இன்னொரு வேடிக்கையும் நடந்தது. இன்றைக்கு வந்த முகம் நாளைக்கு வராது. ஒருநாள் கோயில் தெருக்காரர்கள் மட்டும் வருவார்கள். மறுநாள் அவர்களில் ஒருத்தர் தலையும் தெரியாது, மேட்டுத் தெருக்காரர்கள் வந்து நிற்பார்கள். சொல்லிவைத்த மாதிரி!

“யாரோ ஏத்திவுட்டு நம்ம கடையை நக்கல் பண்றாங்கய்யா,” என்று நேற்றுக்கூட புருஷனிடம் புலம்பினாள்.

“யாவாரம் ஆவுதுல்ல? கம்னு இரு,” என்றான் உதயகுமார்.

அவன் கவலை அவனுக்கு. படகு கவிழ்ந்து தோள்பட்டையில் அடிபட்டதிலிருந்து அவனால் வலை இழுக்க முடியவில்லை. ஏரியில் இறங்காதவனுக்கு மீனில் பங்கு கிடையாது. ஊர்க்காரர்கள் மனசு கேட்காமல் கொடுத்தனுப்பிய மீனையும், “கையேந்துற நிலைமை எனக்கு இன்னும் வரலை,” என்று திருப்பி அனுப்பிவிட்டான் அந்த ரோஷக்காரன். கடையும் படுத்துவிட்டால் ரெண்டு பேரும் மூட்டை கட்டிக்கொண்டு சென்னைக்கு வீட்டு வேலைக்குத்தான் போகவேண்டும்.

ஷாலினி சோற்றையும் கோழியையும் புரட்டிக்கொண்டிருந்தபோது மேட்டுத் தெரு வேலம்மா வந்து நின்றாள். பகலெல்லாம் ஏரியில் இறங்கிக் கையால் இறால் தடவிவிட்டு நேரே வந்திருக்கிறாள். புடவை முழங்கால் வரைக்கும் ஈரம்.

சரோஜா அவளைப் பார்த்ததும் பொரிந்து தள்ளினாள். “நீ இன்னாடி இங்க? இன்னிக்கு எங்க தெருப் பாடு. உங்க பாடு நாளைக்குத்தானே?”

ஷாலினியின் கை நின்றது.

இன்றைக்கு யார் எந்த இடத்தில் வலை விடுவது என்று ஏரியை முறை வைத்துப் பிரித்துக்கொள்கிறார்களே, அதுதான் பாடு. ஷாலினி காட்டூர் வயற்காட்டுப் பெண் என்றாலும், வாக்கப்பட்டு வந்த நாளாய் அதைக் கேட்டுக் கேட்டுப் பழகியிருக்கிறாள்.

“பாடெல்லாம் ஏரியிலதானேக்கா? என் கடைக்கு ஏது பாடு?”

சரோஜா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“சொல்லுக்கா. சொன்னாத்தான் பார்சல் தருவேன்.”

“உன் புருசன் சும்மா குடுத்தா வாங்க மாட்டேன்றானே! நாங்க இன்னா பண்றது? அதான் பொம்பளைங்களா கூடிப் பேசி உன் கடைக்கும் ஒரு பாடு வெச்சுக்கினோம். ஒரு நாளைக்கு ஒரு தெரு. பாடு வந்த வூடு கட்டாயம் வாங்கணும். அவன் காதுல மட்டும் போட்டுடாதேம்மா, ரோசத்துல கடையையே மூடிடுவான்.”

ஷாலினி சோற்றை அள்ளிப் பார்சல் கட்ட ஆரம்பித்தாள். இந்த ஜனங்களையா நக்கல் பிடித்தவர்கள் என்று திட்டித் தீர்த்தோம்? வெட்கமாகப் போய்விட்டது. ஆனாலும் சமைக்கிறவள் மனசு என்று ஒன்று இருக்கிறதே, அது சும்மா இருக்குமா?

“அப்ப என் சாப்பாடு இந்த ஊர்ல ஒருத்தருக்கும் புடிக்கலை. அப்படித்தானேக்கா?”

சரோஜாவுக்குப் பொய் சொல்ல வராது.

“மீன் கொழம்பு தின்ன நாக்கும்மா எங்களுது. அந்தச் செவப்புத் தண்ணி வாசனையே எங்களுக்கு ஆவாது. நீ மனசுல ஒண்ணும் வெச்சுக்காத,” என்று சொல்லிவிட்டுப் பார்சலை வாங்கிக்கொண்டு வேகமாக நடையைக் கட்டினாள்.

ஷாலினி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த சோற்றை அள்ளிச் சட்டியில் போட்டாள். வேலம்மாவின் முகத்தைப் பார்க்கக்கூட அவளுக்குச் சங்கடமாக இருந்தது.

“உங்களுக்கும் எதுவும் போடலைக்கா. பாடு மாறி வந்துட்டா இன்னா, வந்ததுக்கு வாங்கிக்கினு போங்க.”

வேலம்மா திரும்பிப் பார்த்தாள். சரோஜா தெருமுனையைத் தாண்டிவிட்டாள் என்று தெரிந்ததும் அடுப்புப் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“அய்ய, போட்டுத் தொலைடி! போன தபா நீ மறந்துபோய் எல்லாத்தையும் போட்டுக் கட்டிட்டே. நானும் வெளிய சொல்லாம தின்னுட்டேன். அதுலேர்ந்து நாக்கு அடங்க மாட்டேங்குது.”

“இன்னாக்கா சொல்றீங்க?”

“எங்க பாடு நாளைக்குத்தான்னு எனக்குத் தெரியாதா? இன்னிக்கு நான் ஆசைப்பட்டு வந்தேன்டி.”