மேரிம் கடிப்பாள்

நரின் நகரில் எட்டு வயது மேரிமை இரண்டு வருடமாகத் தற்காலிகமாக வளர்த்து வந்தாள் பெர்மெத். அவளை நிரந்தரமாகத் தத்தெடுக்க ஒரு தம்பதியை அழைத்து வந்தாள் குழந்தைகள் நல அதிகாரி சைரா.

"பொண்ணு எப்படிங்க?" என்று கேட்டாள் தத்தெடுக்க வந்தவள்.

"அதை ஏன் கேக்குறீங்க! பொய் சொல்வா, திருடுவா, கோவம் வந்தா கடிப்பா," என்றாள் பெர்மெத்.

மேரிம் சட்டென்று மேசைக்கடியில் நுழைந்து உறுமினாள். கணவன் அலறிக்கொண்டு எழுந்தான். தேநீரைக்கூடத் தொடாமல் இருவரும் வெளியேறினார்கள்.

"இது மூணாவது ஜோடி. அடுத்து வர்றவங்க பயப்படாம கூட்டிட்டுப் போயிட்டா?" என்றாள் சைரா.

பெர்மெத் உடைந்து அழுதாள். "விட மாட்டேன் அக்கா. அவ என் பொண்ணு. தனியா இருக்குறவளுக்குத் தத்துக் குடுக்க மாட்டாங்கன்னுதான் வாயைத் திறக்கல."

"குடுப்பாங்கடி. நீயா கேக்கணும்னுதான் காத்திருந்தேன்," என்று விண்ணப்பத்தை நீட்டினாள் சைரா. பெர்மெத் அங்கேயே கையெழுத்திட்டாள்.

வெளியே காரில் அந்தத் தம்பதி காத்திருந்தார்கள்.

"காரியம் முடிஞ்சுது. ஆனா உன் வீட்டுக்காரர் ரொம்பத்தான் நடிச்சிட்டார்," என்றாள் சைரா.

"நடிப்பா? அவ நிஜமாவே கடிச்சிட்டாக்கா," என்றாள் சைராவின் தங்கை.