முதல் துப்பாக்கி

“பின்கதவுப் பூட்டை உடைச்சிருக்காங்க” என்றாள் அந்தப் பெண். “கைக்கு அடக்கமா ஒரு துப்பாக்கி வேணும். இன்னிக்கே வேணும்.”

துப்பாக்கியும் தூண்டிலும் விற்கும் தன் கடையில் அர்மண்ட் பெல்க்கி மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார். அவளுக்கு ஐம்பது வயது இருக்கும். கழுத்து வரை பொத்தான் போட்ட சட்டை, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்த கைப்பை. நியூ ஹாம்ப்ஷயரின் அந்தச் சிற்றூரிலும் திருட்டுப் பயத்தில் முதல் துப்பாக்கி வாங்க மாதம் இரண்டு பேராவது வருவார்கள்.

“இதுக்கு முன்னாடி சுட்டிருக்கீங்களா அம்மா?”

“தொட்டதுகூட இல்லை.” அவள் கடையைச் சுற்றிப் பார்த்தாள். “இங்க விக்கிறது நீங்க ஒருத்தர்தானா?”

“பதினெட்டு வருஷமா நான் ஒருத்தன்தான். சம்பளத்துக்கு ஆள் வெக்கிற அளவுக்கு இந்த ஊர்ல யாருக்கும் எதிரி இல்லை.”

தூண்டில் வாங்க வந்து ஒரு மணி நேரமாக முக்காலியை விட்டு எழாத வெண்டல் குரல் கொடுத்தார். “அர்மண்ட், யாருக்கு வேணா வித்துக்கோ. என் பொண்டாட்டிக்கு மட்டும் வித்துடாதே. நான் இன்னும் ரெண்டு வருஷம் மீன் பிடிக்கணும்.”

அவள் சிரிக்கவில்லை.

அர்மண்ட் கண்ணாடிப் பெட்டியிலிருந்து மூன்று துப்பாக்கிகளை எடுத்து, உள்ளே தோட்டா இல்லை என்று ஒவ்வொன்றாகத் திறந்து காட்டி, பச்சைத் துணிமேல் பரப்பினார். புதியவர்களுக்குச் சொல்லும் பாடம் அவருக்குத் தலைகீழாகத் தெரியும்.

“சின்னதுன்னா மறைக்கிறது சுலபம், ஆனா சுடறப்ப கையை நல்லா உதைக்கும். மூணையும் பிடிச்சுப் பாருங்க. எது கையில உக்காருதோ அதுதான் உங்களுது.”

அவள் பக்கத்தில் இருந்ததைத் தொட்டு, “இது” என்றாள். பிடித்துப் பார்க்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வெளியில போறப்பவும் சட்டைக்குள்ள வெச்சுக்கப் போறீங்கன்னா நல்ல உறை வேணும். கைப்பைக்குள்ள சும்மா போட்டுடாதீங்க. சாவியைத் தேடுற விரல் எங்க போகும்னு சொல்ல முடியாது.”

“உறை வேண்டாம்.”

“சனிக்கிழமை தீயணைப்பு நிலையத்துக்குப் பின்னாடி வகுப்பு நடக்குது. ஒரு பகல்தான். மதியச் சாப்பாடு அவங்களே தராங்க.”

“வகுப்பு வேண்டாம்.”

“பூட்டுப் பெட்டி? துடைக்க எண்ணெய்?”

“ஒண்ணும் வேண்டாம். தோட்டா ஒரு பெட்டி குடுங்க. இருக்கறதுலயே சின்னப் பெட்டி.”

விலையை அவள் கேட்கவே இல்லை. அந்த ஊரில் விலை கேட்காமல் தூண்டில் புழுகூட வாங்க மாட்டார்கள்.

அர்மண்டின் பார்வை மேசையின் உட்பக்கத்தில் ஒட்டியிருந்த அட்டைக்குப் போனது. ஏப்ரலில் மாவட்டச் சுகாதார நர்ஸ் ஒருத்தி கொடுத்துவிட்டுப் போனது. உறை கேட்காதவர்கள், பழகிக்கொள்ள விரும்பாதவர்கள், அவசரப்படுகிறவர்கள், தங்கள் உயிரையே போக்கிக்கொள்ள வாங்குகிறவர்களாக இருக்கலாம், கவனியுங்கள் என்று அதில் போட்டிருந்தது. எதற்காக இந்தக் கடையைத் தேடி வந்தாள் என்று நர்ஸ் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

மூன்று துப்பாக்கிகளையும் எடுத்து உள்ளே வைத்துப் பூட்டினார்.

“வெண்டல், வெளியில போய் உன் வண்டியைப் பாரு.”

“என் வண்டிக்கு என்ன?”

“என்னன்னு போய்ப் பாரு.”

வெண்டல் அவர் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு எழுந்து போனார். வலைக்கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

“அம்மா, உங்களுக்கு நான் விக்கப் போறதில்லை.”

“ஏன்? போலீஸ்ல என் பேர்ல ஒரு புகார் கிடையாது. கையில காசு இருக்கு.”

“இருக்கட்டும். நேராவே கேக்கறேன், தப்பா எடுத்துக்கிட்டாலும் பரவாயில்லை. இது திருடனைச் சுடவா, உங்களை நீங்களே சுட்டுக்கவா?”

பதினெட்டு வருடத்தில் அவர் யாரிடமும் இப்படிக் கேட்டதில்லை. காது மடல் சூடாகிவிட்டது. ஜன்னலில் ஒரு ஈ மோதிக்கொண்டே இருந்தது.

“ஆமான்னு சொன்னா என்ன பண்ணுவீங்க?”

“கடையைச் சாத்திட்டு உங்க பக்கத்துல உக்காருவேன். யாரைக் கூப்பிடணுமோ சொல்லுங்க, நானே கூப்பிடறேன். அவங்க வர்ற வரைக்கும் உங்களை விடமாட்டேன்.”

“நாளைக்கு வேற கடைக்குப் போனா?”

“இந்தப் பக்கத்துல மொத்தம் மூணு கடை. இன்னிக்கே மத்த ரெண்டு பேருக்கும் போன் போட்டுச் சொல்லிடுவேன். என்மேல கோவிச்சுக்குங்க. உயிரோட இருந்து கோவிச்சுக்குங்க.”

அப்போதுதான் அவள் கண்களைத் தாழ்த்தினாள். கைப்பையை இறுக்கிய விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன.

“பூட்டை யாரும் உடைக்கலை” என்றாள்.

“தெரியும்.”

“எனக்குச் சாகற எண்ணமும் இல்லை.”

அர்மண்ட் நம்பவில்லை. முக்காலியை இழுத்து அவள் பக்கம் போட்டார். “உக்காருங்க. அப்புறம் எதுக்கும்மா இங்க வந்தீங்க?”

அவள் உட்காரவில்லை.

“மார்ச் மாசம் என் வீட்டுக்காரர் துப்பாக்கி வாங்க வந்தப்ப, நீங்க இந்தக் கேள்வியைக் கேக்கலை.”