கம்பெனிப் படம்

"அம்மா, கூடையைக் கொஞ்சம் கவுத்து வைம்மா. ஒரே ஒரு ஷாட்டு."

தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றின் வாசலில், கேமராவும் கையுமாக நின்ற மகனை எரித்துவிடுவது போலப் பார்த்தாள் ராக்காயி.

"வேலை நாள்ல கூடையக் கவுக்கச் சொல்றியா? வேலைக்குப் போகாத நாள்லதான்டா அதைக் கவுப்பாங்க. மெட்ராசுக்குப் போயி இதைக்கூட மறந்துட்டியா?"

"மறக்கலம்மா. லயம் சுத்தமாத் தெரியணும்னு தொரை சொல்லியிருக்காரு. கழுவிக் கவுத்த கூடை பாக்கச் சுத்தமா இருக்கும்ல?"

தோட்டத்தை ஆளும் துரையின் பேச்சு வந்ததும் ராக்காயிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. கூடையைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு விடுவிடுவென்று உள்ளே போய்விட்டாள். வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கின் உத்தரவு என்பதால் மற்ற வீட்டுக்காரர்களும் முணுமுணுத்துக்கொண்டே ஆளுக்கொரு கூடையை வாசலில் கவிழ்த்து வைத்தார்கள்.

அவளுடைய மகன் நல்லமுத்து மெட்ராசில் சினிமா எடுக்கும் படிப்புப் படிக்கிறான். கடைசி வருடம் ஒரு படம் எடுத்துக் காட்டினால்தான் பட்டம். ஃபிலிம் வாங்க வழியில்லாமல் திண்டாடியவனுக்குத் தோட்டத்துக் கம்பெனி தானே முன்வந்து ஃபிலிம் கொடுத்தது. தொழிலாளர்கள் சந்தோஷமாக இருப்பதைக் காட்ட வேண்டும், கம்பெனியின் பன்னிரண்டு தோட்டங்களிலும் வண்டி கட்டிப்போய் அதைத் திரையிட வேண்டும் என்பது நிபந்தனை.

சந்தோஷத்துக்கு அப்போது என்ன குறைச்சல்! கம்பெனி அந்த மாதம்தான் பறிக்க வேண்டிய கொழுந்தின் எடையை ஏற்றியிருந்தது. ஒரு றாத்தல் குறைந்தாலும் அரைப்பேர், அதாவது பாதி நாள் சம்பளம்தான். பன்னிரண்டு தோட்டத்துப் பெண்களும் ஒரே நாளில் வேலையை நிறுத்துவது என்று தொழிற்சங்கத்தின் மூலம் ஏற்கெனவே முடிவு செய்திருந்தார்கள். ஒரு தோட்டம் மட்டும் நிறுத்தினால் சாயங்காலத்துக்குள் எல்லோரையும் விரட்டிவிடுவார்கள். அந்த நாள் எது என்று எல்லாத் தோட்டத்துக்கும் சொல்லத்தான் வழியில்லை. இப்போது சங்கத்து ஆளைக் கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். கடிதம் போட்டால் ஆபீசில் பிரித்துப் பார்க்கிறார்கள்.

இந்த நேரத்தில் தன் பிள்ளை துரைக்குப் படம் எடுத்தால் பெற்றவள் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பாள்? பெண்களுக்கெல்லாம் முன்னால் நிற்கும் பேச்சியம்மா ராக்காயியுடன் பேசுவதையே நிறுத்திவிட்டாள். தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் அவள் காதில் விழும்படி ஒரு நாள் சொன்னாள்.

"சங்கத்து ஆளுக்குப் பூட்டுற கேட்டு, தொரை படத்துக்கு மட்டும் தானாத் தொறக்குது பாருங்கடி."

கண்டாக்கு நல்லமுத்துவை நிழல் போலத் தொடர்ந்தார். கிழிந்த சேலை கூடாது, ஒழுகும் கூரை கூடாது என்று ஒவ்வொரு ஷாட்டுக்கும் மூக்கை நுழைத்தார். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குத் தப்பு அடித்துக் கூப்பிடுபவனை எடுத்தபோது மட்டும் தாராளமாகத் தலையாட்டினார். மலைக்கு மேல் முழுநிலா எழும்புவதை எடுத்தபோது, நிலாவுக்குச் சம்பளம் கிடையாது, வேண்டிய மட்டும் எடுத்துக்கொள் என்று தமாஷ்கூடப் பண்ணினார்.

ராக்காயி பொறுக்க மாட்டாமல் ஒரு நாள் கேட்டேவிட்டாள். "ஒனக்குப் படிச்சு முடிக்க இவனுங்க படம்தானாடா கெடச்சுது?"

"எங்க வாத்தியார் ஒண்ணு சொல்லிக் குடுத்தாரும்மா. ஒரு ஷாட்டுக்குப் பக்கத்துல இன்னொரு ஷாட்ட ஒட்டுனா, ரெண்டுலயும் இல்லாத ஒண்ணு புதுசாப் பொறக்குமாம். நான் படிச்ச படிப்பே அதான்."

"மானம் மரியாதை பொறக்குமான்னு ஒங்க வாத்தியாரக் கேளு" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்பைப் பார்க்கப் போனாள்.

அடுத்த மாதம் படம் தயாரானது. மற்றத் தோட்டங்களையெல்லாம் சுற்றிவிட்டு, வட்டகொடைப் பக்கத்திலிருந்த அவர்கள் தோட்டத்துக்குப் படவண்டி கடைசியாக வந்தது. அன்று பௌர்ணமி. இருட்டியதும் ஃபேக்டரி மைதானத்தில் திரை கட்டினார்கள். துரை நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். ராக்காயி எல்லோருக்கும் பின்னால், முந்தானையை முகத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு குனிந்தே இருந்தாள். ஊர் கூடித் தன் பிள்ளையைக் காறித் துப்பப்போவதை அவளால் கண்கொண்டு பார்க்க முடியாது.

யாரும் துப்பவில்லை. பாதியில் சளசளப்பு சட்டென்று நின்று, மைதானமே பேச்சுமூச்சற்றுப் போனது. படம் முடிந்ததும் துரைதான் முதலில் கைதட்டினார்.

திரும்பும் வழியில் பேச்சியம்மா அவள் தோளைத் தொட்டாள்.

"ராக்காயி, படம் பாத்தியா?"

"இல்லக்கா. தலையத் தூக்க முடியல."

பேச்சியம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பக்கத்தில் கண்டாக்கு வருவதைப் பார்த்துவிட்டு, "இத்தன நாளா உங்கூடப் பேசாம இருந்துட்டேன். மனசுல வச்சுக்காத" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்துவிட்டாள். நம்மேல் பரிதாபப்படும் அளவுக்கா ஆகிவிட்டது என்று ராக்காயி முந்தானையை இன்னும் இழுத்து மூடிக்கொண்டாள்.

விடிகாலையில் பெரட்டுத் தப்பு ஒலித்தது. கூடையை மாட்டிக்கொண்டு வெளியே வந்த ராக்காயி அப்படியே நின்றுவிட்டாள். பாதையில் ஒரு சனம் இல்லை. லயம் நெடுக, ஒவ்வொரு வாசலிலும் கூடை கவிழ்ந்து கிடந்தது. ஆளில்லாத பெரட்டுக் களத்தில் கண்டாக்கு தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். எதிர்மலைத் தோட்டத்திலும் ஆள் நடமாட்டம் இல்லை.

ராக்காயி பேச்சியம்மா வாசலுக்கு ஓடினாள். "அக்கா, எல்லாத் தோட்டத்துக்கும் நாள் சொன்னது யாரு?"

"ஒன் மகன்தான்டி. படத்துல மொதல்ல முழுநிலா, அதை ஒட்டிப் பெரட்டுத் தப்பு, அதை ஒட்டிக் கவுத்த கூடை. பௌர்ணமி விடிஞ்சு தப்பு அடிச்சா யாரும் வேலைக்குப் போகாதீங்கன்னு எல்லாருக்கும் வெளங்கிடுச்சு. தொரையே தன் வண்டியில, தன் பெட்ரோல்ல, பன்னெண்டு தோட்டத்துக்கும் கொண்டுபோயிக் காட்டிட்டு, கையும் தட்டிட்டாரு."

ராக்காயி முதுகிலிருந்த கூடையை இறக்கினாள். மகன் கெஞ்சிக் கேட்டபோது கோபத்தில் கவிழ்த்துப் போட்ட அதே கூடையை, இன்று யாரும் கேட்காமலே, ஊருக்கெல்லாம் தெரியும்படி நடுவாசலில் கவிழ்த்து வைத்தாள்.