எதிர் ஓட்டு

"ஓட்டுச் சாவடியை மூட இன்னும் இருபது நிமிஷம்தான் இருக்கு. எழுந்திரும்மா," என்றார் அப்பா.

மகள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பாதியில விட்டா எங்க டீம் தோத்துடும்பா."

"ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரத்துக்கு மேல கேம் கூடாதுன்னு சட்டம் வந்தா, டீமே இருக்காதே?"

அவள் விரல்கள் நின்றன. மாநிலப் போட்டிக்காக ஆறு மாதமாக உயிரைக் கொடுத்துப் பயிற்சி எடுக்கிறாள்.

"அந்தச் சட்டம் வேணும்கிறவர்தான் எப்படியும் ஜெயிக்கப் போறார். என் ஒரு ஓட்டு என்னத்தைக் கிழிச்சிடும்?"

"உன்னை மாதிரி விளையாடறவங்க இந்தத் தொகுதியில ஆயிரக்கணக்குல இருக்காங்க. ஒருத்தரும் ஓட்டுப் போட வர மாட்டாங்கங்கற தைரியத்துலதான் அவர் பேசறார். பிடிக்கலைன்னா எதிர்த்துப் போடு. பதினெட்டு நிமிஷம்தான் இருக்கு."

ஹெட்ஃபோனைக் கழற்றி வீசிவிட்டு ஓடினாள். சாவடியின் கதவை இழுத்து மூடப் போன காவலர், அவளைக் கடைசி ஆளாக உள்ளே விட்டார்.

திரும்பி வந்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது. "போட்டுட்டேன்பா. எதிர்த்துத்தான்."

அப்பாவின் முகம் ஒரு கணம் வாடியது. அதற்குள் வாசலில் கார் வந்து நிற்க, கட்சிக்காரர் ஒருவர் இறங்கி வந்து அவரிடம் குனிந்தார்.

"வேட்பாளரே இன்னும் கிளம்பலைன்னா எப்படி சார்? கட்சி ஆபீஸ்ல எல்லாரும் உங்களுக்காகக் காத்திருக்காங்க."

"பத்து நிமிஷம் இருங்க," என்ற அப்பா, மகளுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இப்ப நீ ஓட்டுப் போட்டவ. இனிமே நீ சொன்னா நான் கேட்டுத்தான் ஆகணும். சொல்லு, என் சட்டத்துல என்ன தப்பு?"