தொட்டி நிறைய பெட்ரோல்

பிரெஞ்சுத் தலைநகரின் ரூ பெர்தொனே தெருவில், சிவமணியின் தேநீர்க் கடை மேசையில் சிந்திய தண்ணீர் காலை வெயிலில் மினுங்குகிறது. அந்த ஈரத்தில் ழான்-லூக் விரலால் ஒரு கோடு இழுக்கிறார். கோடு கடல்வழி, அது போய்ச் சேரவேண்டிய ரேமண்டின் தேநீர்க் குவளைதான் விமானத்தளம். இருவரும் புதுச்சேரிக்காரர்கள். இரண்டாம் உலகப் போரில் ழான்-லூக் சண்டை விமானம் ஓட்டினார். ரேமண்ட் அதன் மெக்கானிக். ஒருநாள் பெட்ரோல் தீர்ந்து விமானம் கடலில் விழுந்தது. ரேமண்ட் குறைவாக நிரப்பிவிட்டதாக ழான்-லூக் மேலதிகாரிகளுக்கு எழுதிக் கொடுத்தார். நாற்பது வருடம் ஆகிறது. “நீ முட்ட முட்டத்தான்யா ஊத்தியிருந்தே. எஞ்சின் சுத்தைக் குறைச்சு மெதுவா வந்தா வீடு வந்து சேரலாம்னு படிச்சுப் படிச்சுச் சொன்னே. பயத்துல வழி முழுக்க விரட்டிட்டேன்.” சொல்லும் ழான்-லூக்கின் விரல் பாதி வழியில் நிற்கிறது. “அண்ணை, தேத்தண்ணி ஆறுது” என்று சிவமணி உள்ளிருந்து குரல் கொடுக்கிறார். ரேமண்ட் குவளையைத் தொடவில்லை. “இன்னிக்கும் கனவுல அந்தத் தொட்டிக்கு ஊத்திக்கிட்டே இருக்கேன்யா. நிறைய மாட்டேங்குது.” சொல்லிவிட்டு, நின்றுபோன அந்த விரலைப் பிடித்து, மெதுவாக, மிக மெதுவாக, குவளை வரை இழுத்துக்கொண்டு வருகிறார்.